லீஸுக்குக் கிடைத்த ஏழு நாள்

1

போன வெள்ளிக்கிழமை காயல்பட்டினத்திலிருந்து என் தம்பி போன் செய்தான். அடுத்த மாதம் ரங்கூனுக்கு வருகிறானாம். பத்து நாள் இருப்பானாம். ஊரில் உள்ளவர்களுக்கு இது இன்னும் ரங்கூன்தான். எனக்கும் யாங்கோன் என்று வாயில் வரப் பல வருஷம் ஆனது.

"ஓட்டல்ல எல்லாம் ரூம் போட வேணாம் லாத்தா. ஹால்ல ஒரு பாயப் போட்டா நாம்பாட்டுக்குப் படுத்துக்கிடுவேன்" என்றான்.

"ஹாலும் இருக்கு, பாயும் இருக்கு. ஆனா நீ படுக்க முடியாதுடா" என்றேன்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. லாத்தாவுக்கு வெளிநாட்டுக் கொழுப்பு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பான். இங்கே உள்ள முறையை அவனுக்கு விளக்கிச் சொன்னேன். உள்ளூர்க்காரர் ஒருவர் நம் வீட்டில் ஓர் இரவு தங்கினாலே வார்டு ஆபீஸில் பெயர் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுக்காரர் என்றால் பெயர் கொடுத்தாலும் நடக்காது, அவர் ஓட்டலில்தான் தங்க வேண்டும். பெற்ற உம்மாவாக இருந்தாலும் அப்படித்தான். நானே வருஷா வருஷம் இமிக்ரேஷன் கவுண்டரில் நின்று என் வெளிநாட்டவர் பதிவுப் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டு இருக்கிறவள்.

"யாருக்குமே விட்டதில்லையா?" என்று கேட்டான்.

இருபது வருஷத்தில் ஒரே ஒருவருக்கு விட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைப் போனில் சொன்னேன். "இத எழுதுங்க லாத்தா, ஊர்ல எல்லாரும் படிக்கட்டும்" என்றான். அதனால் எழுதுகிறேன். கதைக்குரிய இரண்டு பெண்களும் இன்று இல்லை. அதனால் அவர்களைக் கேட்காமலே எழுதுகிறேன். கேட்டிருந்தால் ஒருவர் சரி என்றிருப்பார், மற்றவர் இதிலெல்லாம் என்ன இருக்கிறது என்றிருப்பார்.

2

தொண்ணூறாம் வருஷம் நான் இங்கே வந்து இறங்கியபோது என் மகள் ஷமீமாவுக்கு ஐந்து வயது. என் வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் சொல்வேன்; மச்சானின் சாச்சா, அதாவது சித்தப்பா, நடத்திவந்த குடைக்கடையை அவருக்குப் பின் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று மச்சானை அழைத்திருந்தார்கள். நகரத்தின் நடுவில், பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடி. படிக்கட்டு செங்குத்தாக இருக்கும். அரிசி மூட்டை ஏற்றுகிறவர் இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே வருவார்.

அந்த இரண்டாவது மாடியில்தான் ரேச்சல் லாத்தா இருந்தார். தெருவில் எல்லாரும் அவரை டோ ரேச்சல் என்பார்கள். பர்மியர் வயதான பெண்களை மரியாதையாக டோ போட்டுத்தான் அழைப்பார்கள். வெள்ளைத்தோல், சாம்பல் நிறக் கண், பர்மிய லுங்கி, காலில் வெல்வெட் செருப்பு. முதல் நாள் படியில் பார்த்தபோது என்ன பாஷை பேசுவது என்று தெரியாமல் நின்றேன். அவரே பேசினார்.

"புதுசா வந்திருக்கீங்களா? குழாத் தண்ணி காலம்பற ஆறு மணிக்கு வரும், ஏழு மணிக்கு நின்னுபோகும். புடிச்சு வச்சுக்கோங்கோ."

நல்ல தமிழ். எங்கள் ஊரில் இப்போது யாரும் பேசாத பழைய தமிழ். பதினோரு வயதில் இந்தத் தெருவுக்கு வந்த யூதப்பெண், ஜவுளிக்கடைத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். பர்மியப் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கல்யாணம் செய்து, பிள்ளை இல்லாமல், அவரும் போனபின் தனியாக இருந்தார். அறுபதுகளில் அவருடைய மாமா குடும்பம் உட்பட யூதர்களில் பெரும்பாலோர் பர்மாவை விட்டுக் கிளம்பியபோது இவர் அசையவில்லை. "இன்னொரு தடவ மூட்டை கட்ட மாட்டேன்னுட்டேன்" என்பார்.

எங்கள் வீட்டில் தாராளமாகச் சாப்பிடுவார். எங்களைப் போல யூதர்களுக்கும் பன்றி ஆகாது; பன்றி ஏறாத சட்டி இந்தக் கட்டடத்தில் உங்களுது ஒன்றுதான் என்பார். நான் அவரை லாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் சொல்வோம். அவர் அதற்கு முன் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. "இன்னொரு பேரா? குடு, குடு" என்று வாங்கிக்கொண்டார்.

ஷமீமா அவரிடம் இங்கிலீஷ் டியூஷனுக்குப் போனாள். அதற்குள் அவளுடைய தமிழ் கரைந்துகொண்டிருந்தது. தலைவலி என்றால் "தலை கடிக்குது உம்மா" என்பாள். பர்மியில் தலை கடிக்கத்தான் செய்யுமாம். எனக்கோ பர்மி ஏறவே இல்லை. மகள் கையில் ஒரு பாஷை, என் கையில் ஒரு பாஷை, நடுவில் ரேச்சல் லாத்தா. இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போய் அவரை வைத்துத்தான் பேசுவோம்.

3

தொண்ணூற்றேழில் ஒரு நாள் காலை லாத்தா என்னைக் கீழே கூப்பிட்டார். மேசைமேல் ஒரு கடிதம். பெல்ஜியத்திலிருந்து வந்த சுற்றுலாக்காரர் ஒருவர் யூதர் கோவிலில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கோவில் காவலர் கொண்டுவந்து தந்தாராம்.

"லீஸ் உசுரோட இருக்கா, நூரு."

லீஸ் யார் என்று கேட்டேன். ஏழு வருஷப் பழக்கத்தில் அன்றுதான் முழுவதையும் சொன்னார்.

லாத்தாவின் அம்மா இந்த ரங்கூனில் பிறந்த யூதப்பெண். பாக்தாத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து தங்கிய குடும்பம். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து மாணிக்கக் கல் வாங்க வந்த ஓர் இளைஞர் அம்மாவைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கேதான் ரேச்சல் பிறந்தார். அவருக்கு ஆறு வயதானபோது ஜெர்மன்காரர்கள் யூதர்களைப் பிடித்து ரயிலில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். வீட்டுக்கும் ஆஜராகச் சொல்லிக் கடிதம் வந்தது.

அவர்கள் வீட்டுத் துணி வெளுத்துக்கொண்டிருந்த ஃபீனா என்ற பெண், ஒரு கிராமத்து ரொட்டிக்காரரின் மனைவி. அவர் வந்து, பிள்ளையை என்னிடம் கொடுங்கள் என்றார். அம்மா மகளுக்குக் கோட்டுப் பொத்தானை மேலிருந்து கீழ்வரை போட்டுவிட்டு, "அங்க உன்ன மரியான்னு கூப்பிடுவாங்க. உடனே திரும்பிப் பாரு" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அம்மாவையும் அப்பாவையும் அவர் பார்க்கவில்லை.

ரொட்டி அடுப்புக்கு மேலே, மாவு மூட்டை அடுக்கும் பரண். அதில்தான் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். கீழே கடை திறந்திருக்கும்போது காலுறையோடுதான் நடக்க வேண்டும், பேசக் கூடாது. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டிருந்த ஜெர்மன் சிப்பாய்கள் தினமும் அந்தக் கடையில்தான் ரொட்டி வாங்கினார்கள்.

"சத்தம் போடாம இருக்கக் கத்துக்கிட்டேன். அழுகைகூடச் சத்தமில்லாம வரும். ஆனா இருமல ஒண்ணும் பண்ண முடியலியே" என்றார்.

முதல் குளிர்காலத்தில் கக்குவான் வந்தது. மாவுத் தூசியில் அது நிற்கவே இல்லை. ஒரு நாள் கடைக்கு வந்த சிப்பாய் பரணிலிருந்து இருமல் சத்தம் கேட்டு அண்ணாந்து பார்த்தான். ஃபீனா ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "என் மகள். நெஞ்சு சரியில்லை" என்றார். அவருக்கு ஒரே மகள் லீஸ். வயது பதினான்கு. கல்லு மாதிரி ஆரோக்கியம். அந்த நேரம் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவளிடம் அம்மா சொன்னார்: "இன்னையிலிருந்து நீ இருமணும். பள்ளிக்கூடம் கிடையாது."

மறுநாள் அதே சிப்பாய் வந்தான். லீஸ் கடையில் நின்று இருமினாள். மாதாகோவிலில் இருமினாள். தெருவில் இருமினாள். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் வீட்டைவிட்டு நகரவில்லை. தோழிகள் காசநோய் என்று பயந்து விலகிப்போனார்கள். ஒரு தடவை முகாமிலிருந்து உத்தரவு வந்தது, ரொட்டி தொடுகிற பெண்ணை டாக்டர் பார்த்துச் சீட்டுத் தர வேண்டும் என்று. கிராமத்து டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். கேட்க அங்கே ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, பிறவியிலேயே பலவீனமான நெஞ்சு, தொற்றாது, வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"மேல எனக்கு நெஞ்சு வெடிக்கிற மாதிரி வரும். வாயில துணிய வச்சு அடக்கிக்கிட்டுக் காத்திருப்பேன். கீழ அவ பெரிசா, நீளமா இருமுவா. நானும் அதோட சேத்து இருமிடுவேன். எனக்கு அடங்குற வரைக்கும் அவ நிறுத்த மாட்டா."

போர் முடிந்தது. ரயிலில் போன அம்மாவும் அப்பாவும் திரும்பவில்லை. இன்னும் மூன்று வருஷம் ரொட்டிக்கடையிலேயே வளர்ந்தார். ரங்கூன் மாமா கண்டுபிடித்து எழுதினார், கப்பலில் ஏற்றிவிட்டார்கள். போக மாட்டேன் என்று துறைமுகத்தில் லீஸின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கொஞ்ச காலம் கடிதம் வந்தது, போனது. அறுபதுகளில் இங்கே ஆட்சி மாறியதும் அதுவும் நின்றது. இரண்டு பேரும் மற்றவர் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள்.

கடிதத்தின் கடைசி வரியைத் தமிழில் சொன்னார்: "எனக்கு எழுபது ஆகப்போகுது. சாவுறதுக்கு முந்தி உன்னப் பாக்கணும். நீ வர்றியா, நான் வரட்டுமா?"

"நீங்க போங்க லாத்தா" என்றேன்.

"அந்த மண்ண நான் மிதிக்க மாட்டேன். அவ வரட்டும். என் வீட்ல, என் கட்டில்ல படுக்கட்டும்."

4

வீட்டில் படுக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். இருந்தும் சொன்னார். அப்படிச் சொன்னதைச் செய்கிற பெண் அவர்.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நடைமுறையான வழி சொன்னார். மச்சானுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வழி உண்டு.

"ஓட்டல்ல பேருக்கு ஒரு ரூம் போடுங்க. பொழுது சாஞ்சதும் பின்பக்கப் படி வழியா கூட்டிட்டு வந்துருங்க. ஜன்னலச் சாத்திட்டா யாருக்குத் தெரியப்போவுது? அந்தம்மா சத்தம் போடாம இருந்தாச் சரி."

நல்ல மனதோடுதான் சொன்னார். ரேச்சல் லாத்தா அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கோபப்படவில்லை.

"தம்பி, ஜன்னலச் சாத்திக்கிட்டுச் சத்தம் போடாம இருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும். அவள என் வீட்ல அப்படி வைக்க மாட்டேன். முன்வாசல் வழியா, பேப்பரோட வருவா. இல்லாட்டி வர வேணாம்."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலையே கடையிலிருந்து நல்ல தாள் பத்து கொண்டுவந்து கொடுத்தார், மனு எழுத.

5

கவுண்டர் என்றால் எனக்குப் பயம் கிடையாது. பயந்தால் இந்த ஊரில் ஒரு வருஷம் ஓட்ட முடியாது. லாத்தா சொல்லச் சொல்ல ஷமீமா மனுவை எழுதினாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. உருண்டை உருண்டையாக முத்துப்போல பர்மிய எழுத்து. என் மகள் எனக்குப் படிக்கத் தெரியாத ஒன்றை இத்தனை அழகாக எழுதுகிறாளே என்று அன்றுதான் வருத்தமில்லாமல் பார்த்தேன்.

வார்டு ஆபீஸுக்கு மூன்று பேரும் போனோம். எழுத்தர் அக்கரையில் இருக்கும் தாகேதாவிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர், பாலத்தில் நெரிசல் என்று ஒன்பதரைக்குத்தான் வந்தார். நான் முந்திக்கொண்டு பர்மியில், கடிதம் கொடுக்க வந்திருக்கிறோம் என்றேன். கடிதத்துக்கும் சாப்பிடுவதற்கும் பர்மியில் ஒரே சொல்தான், சா. இழுப்பில்தான் வித்தியாசம். நான் தப்பாக இழுத்துவிட்டேன். எழுத்தர் தன் டிபன் டப்பாவைக் கையால் மூடிக்கொண்டார். ஷமீமா வெட்கத்தில் என் பின்னால் ஒளிந்தாள்.

அவர் படித்துப் பார்த்து, இது எங்கள் அதிகாரத்தில் இல்லை என்றார். மேலே ஓர் ஆபீஸுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து இன்னொன்றுக்கு. இரண்டு மாதம் நடந்தோம். கடைசியில் ஓர் அறையில் கண்ணாடி போட்ட நடுவயது அதிகாரி முன்னால் உட்கார்ந்தோம். லாத்தா பர்மியில் பேச, ஷமீமா என் காதில் தமிழில் சொன்னாள்.

"வெளிநாட்டுக்காரங்க ஓட்டல்லதான் தங்கணும். உங்களுக்கு அவங்க என்ன உறவு?" என்றார் அதிகாரி.

"அக்கா."

"கூடப் பிறந்தவங்களா?"

"இல்ல."

"உங்க இனம், மதம்?"

"நான் யூதச்சி. அவ கிறிஸ்தவச்சி."

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப எப்படிம்மா அக்கா?"

லாத்தா பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். நான் அதுவரை அதைப் பார்த்ததில்லை. மாதாகோவில் ஞானஸ்நானச் சான்று. மரியா, ரொட்டிக்காரருக்கும் ஃபீனாவுக்கும் பிறந்த இளைய மகள் என்று எழுதியிருந்ததாம். சோதனை வந்து பிள்ளை சாலையில் இறங்கி ஓட நேர்ந்தால் கையில் இருக்கட்டும் என்று கிராமத்துப் பாதிரியார் எழுதிக் கொடுத்தது. லாத்தா அதை வரி வரியாகப் பர்மியில் படித்துக் காட்டினார்.

அதிகாரியின் முகம் தெளிந்தது. "இத முதல்லயே காட்டியிருக்கலாமே. ஒரே அப்பா அம்மா."

"இது பொய்யான காகிதம், ஐயா" என்றார் லாத்தா.

எனக்கு உயிரே போய்விட்டது. வந்த வேலை முடிந்த நேரத்தில் இப்படியா சொல்வார்கள்? கீழே அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு பேசினார். பரண், அடுப்பு, சிப்பாய், இருமல், டாக்டர், எல்லாவற்றையும். ஷமீமா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போதுதான் இதெல்லாம் தெரியும்.

அதிகாரி அந்தக் காகிதத்தை மடித்து லாத்தாவின் பக்கம் நகர்த்தினார்.

"இந்த மேசைக்குப் பொய்க் காகிதம் நிறைய வந்திருக்கு. பொய்க் காகிதம்னு சொல்லிக் கொடுத்தவங்க நீங்க ஒருத்தர்தான்" என்றார். ஷமீமா மறுபடி என் காதில் சொல்லத் தொடங்கினாள். "எதுக்குச் சொன்னீங்க?"

"அன்னைக்குப் பொய் சொல்லலைன்னா என்னக் கொன்னிருப்பாங்க. இன்னைக்கு யாரும் என்னக் கொல்ல வரல. நீங்க மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லப்போறீங்க, அவ்வளவுதான?"

அவர் பேனாவைத் திறந்தார். உறவு என்ற கட்டத்தில் ஏதோ எழுதினார். ஷமீமா எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னாள்: "வளர்த்த குடும்பத்து அக்கான்னு எழுதறார், உம்மா." மேலிடத்துக் கையெழுத்து வர இன்னும் மூன்று வாரம் ஆனது. ஏழு நாள் அனுமதி. எந்த நேரமும் ஆள் வந்து சரிபார்ப்பார்கள் என்று நிபந்தனை.

6

மழை விட்டு, குளிர் தொடங்கிய நேரத்தில் லீஸ் வந்து இறங்கினார். நான் மெலிந்த கிழவியை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, தோளும் கையும் ரொட்டி பிசைந்து பிசைந்து உரமேறியவை. விமான நிலையத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் கடந்துபோய்விட்டார்கள். ஷமீமாதான் இரண்டு பேரையும் திருப்பி நிறுத்தினாள்.

லாத்தாவுக்கு அந்தக் கிராமத்துப் பாஷை முழுதும் நினைவிருந்தது. ஆனால் பதினோரு வயதோடு நின்றுபோன பாஷை. அறுபத்தொரு வயதுப் பெண் சின்னப்பிள்ளை மாதிரி பேசுகிறாள் என்று லீஸ் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஷமீமாவின் தமிழ் ஞாபகம் வந்தது. ஐந்து வயதில் இருந்ததுதான் அவளுக்கும் உறுதியாக நின்றிருக்கிறது. அதன் பிறகு அவள் தமிழைத் திருத்துவதில் நான் அவ்வளவு அவசரம் காட்டியதில்லை.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். நான் மீன் குழம்பு கொண்டுபோய் அவர்கள் மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. லாத்தா திறந்தார். வெளியே சீருடையில் ஒருவர், கையில் பெயர்ப் பட்டியலோடு வார்டு ஆபீஸ் ஆள் ஒருவர். வார்டு ஆள் பட்டியலைப் பார்த்துச் சத்தமாகப் பெயரைப் படிக்கத் தொடங்கினார்.

நாற்காலி சரிந்து விழுந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் லீஸ் என்னைத் தாண்டிப் போயிருந்தார். லாத்தாவின் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். இரண்டு கையும் நிலைக்கால்களில். சீருடைக்காரர் இரண்டு படி கீழே இறங்கிவிட்டார்.

லாத்தா பின்னாலிருந்து அவர் கையை நிலையிலிருந்து மெல்ல எடுத்தார். ஏதோ சொன்னார். பின்பு எனக்கும் அதைச் சொன்னார்: "லீஸ், அவங்க என்னத் தேடி வரல. உன்னத் தேடி வந்திருக்காங்க. உங்கிட்டப் பேப்பர் இருக்கு."

பேப்பரைக் காட்டினோம். அவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து தேநீரும் குடித்துவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை லீஸ் உட்காரவில்லை.

லாத்தாதான் முதலில் சிரித்தார். லீஸுக்குக் கோபம் வந்துவிட்டது. சிரிக்க என்ன இருக்கிறது, கால் தானாகப் போய் நின்றுவிட்டது என்று கத்தினார். அப்போது லாத்தா சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று கேட்டார். கேட்டதையும் பதிலையும் எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"உன் பள்ளிக்கூடம் போச்சு, சிநேகிதிங்க போனாங்க. எம்மேல உனக்கு வெறுப்பா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார் லீஸ். யோசிக்கவே இல்லை. "உன்ன எனக்குப் புடிக்கவே புடிக்காது. அம்மா உனக்குத்தான் முறுகல் ரொட்டி குடுப்பா. மூணு வாரம் அம்மா சொன்னாளேன்னு இருமினேன். அப்புறம் ஒரு நாள் நான் இருமி இருமிப் பாக்குறேன், மேலருந்து சத்தமே இல்ல. செத்துப்போச்சுன்னு நினைச்சேன். கடைல ஆள் நிக்குது, விட்டுட்டுப் பரணுக்கு ஏறினேன். நீ வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்கிக்கிட்டு இருந்தே. அதுக்கப்புறம் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கல."

லாத்தா இதையும் எனக்குத் தமிழில் சொல்லி முடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இப்பவாவது புடிக்குதா?"

லீஸ் மேசையைப் பார்த்தார். "நீ போடுற காப்பிதான் புடிக்கல" என்றார்.

சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் கடைத்தெருவுக்குக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. மேலே என் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தேன். நல்ல வெயில். லாத்தா அந்தப் பெரிய கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கடை முன்னாலும் நின்றார். ஜவுளிக்கடையில் தமிழில், தேநீர்க் கடையில் பர்மியில், முக்குக் கடிகாரக் கடையில் இங்கிலீஷில். இவள் என் அக்கா, என் வீட்டில் தங்கியிருக்கிறாள், வந்து பாருங்கள் என்று. மூன்றாவது மாடிவரை தெளிவாகக் கேட்டது.